உலாவியும் அயலார் நிரலும்

அச்சிட்ட நூல் ஒன்று நம் கையிற் கிடைக்குமாயின் அதனை நாம் படிக்கலாம். படியாது மூடியும் வைக்கலாம். அந்நூல் தானே எழுந்து நம் பேழையைத் திறந்து பார்த்தல் இல்லை. 1991-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உலகிற்கு அளித்த முதல் இணையப் பக்கங்களும் இத்தன்மையனவே. அவை படித்தற்குரிய எழுத்துக்களாய் அமைந்திருந்தன. இற்றை நாளில் நாம் திறக்கும் பக்கங்களோ படிக்கப்படுவதோடு அமையாமல் இயங்கவும் செய்கின்றன. படம் வரைதல், கணக்கிடுதல், வரைபடம் காட்டுதல் முதலிய தொழில்களை நம் கண்முன்னே நிகழ்த்துகின்றன. அங்ஙனம் நிகழ்த்துங்கால், யாரோ ஒருவர் எங்கோ இருந்து எழுதிய நிரல் ஒன்று நம் கணினிக்குள் நுழைந்து, நம் கணினியின் ஆற்றலைக்கொண்டே தன் தொழிலைச் செய்கின்றது. அதனை எழுதினார் இன்னார் என்பதனையும், அவர் கருத்து நன்றோ தீதோ என்பதனையும் நாம் அறியோம்.

ஆகவே உலாவி எனப்படும் கருவிக்கு இரண்டு கடமைகள் உளவாயின. வந்த நிரலை விரைவாக இயக்குதல் ஒன்று. அந்நிரலால் வீட்டுக்காரர்க்குத் தீங்கு நேராமற் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். நிரலைத் தன்விருப்பிற்கு விட்டால் அது விரைந்தோடும். அடிதோறும் நிறுத்திச் சோதித்தால் அது தளர்ந்து நடக்கும். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் முதலிய மொழிகளில் எழுதிய நிரல்களை உலாவியினுள்ளே இயக்குதற்கு அறிஞர் கண்ட முறை இவ்விரு கடமைகளையும் எங்ஙனம் ஒருங்கே நிறைவேற்றுகின்றது என்பதனையும், அதற்கு முன்னர் எடுத்த முயற்சிகள் எக்குறையால் நிலைபெறாதொழிந்தன என்பதனையும் ஈண்டு ஆராய்வாம். கணினி நூல் பயிலாத நம் தோழரும் உணருமாறு கூறுதலே எம் நோக்கம்.

நிரல்பெயர்ப்பும் வரிபெயர்ப்பும்

கணினியின் உள்ளமைந்த நுண்செயலி அறியும் மொழி எண்களால் ஆகியது. அதனைப் பொறிமொழி என்பர். மக்கள் அம்மொழியிலேயே நிரல் எழுதுதல் பெரிதும் அரிதாகலின், தாம் எளிதில் எழுதிப் படித்தற்கேற்ற மொழிகளை வகுத்துக்கொண்டனர். அம்மொழிகளில் எழுதியதனைப் பொறி உணருமாறு செய்தற்கு இரண்டு வழிகள் உண்டு.

நம் கல்லூரி வழிபாட்டில் அயல்நாட்டுப் போதகர் ஒருவர் தம் மொழியிற் பேச, அருகில் நிற்பவர் வாக்கியந்தோறும் தமிழிற் சொல்லுதலை நாம் கேட்டிருக்கின்றோம். பேச்சு முடியுமளவும் மொழிபெயர்ப்பவர் உடன் நிற்றல் வேண்டும். அதே வாக்கியம் பத்துமுறை வரினும் பத்துமுறையும் பெயர்த்தல் வேண்டும். நிரலை இங்ஙனம் வரிவரியாகப் பெயர்த்து நடத்துவது வரிமொழி மாற்றி எனப்படும். இனி, அப்பேச்சு முழுவதனையும் முன்னரே தமிழில் எழுதி அச்சிட்டுக் கொடுத்துவிடின், படிப்பவர்க்கு இடையில் நிற்பவர் வேண்டுவதில்லை. இங்ஙனம் நிரல் முழுவதனையும் ஒருமுறை பெயர்த்து வைப்பது நிரல்பெயர்ப்பி. கம்பைலர் எனவும் வழங்குவர். பெயர்ப்பவர் முழுநூலையும் முன்வைத்துக்கொண்டு ஆய்ந்து திருத்துதலின், நிரல்பெயர்ப்பி தரும் பொறிமொழி மிக விரைவாக இயங்கும்.

1972-ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி ஆக்கிய சி மொழியும், 1985-ஆம் ஆண்டில் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் வெளியிட்ட சி பிளஸ் பிளஸ் மொழியும் நிரல்பெயர்ப்பிக்குரிய மொழிகளுள் தலைசிறந்தன. கட்டட வரைபடம், ஒளிப்படத் திருத்தம், தரவுத்தளம் முதலிய துறைகளில் பல்லாண்டுகளாகப் பலர் உழைத்து ஈட்டிய செல்வம் இம்மொழி நிரல்களிலேயே பொதிந்து கிடக்கின்றது. அச்செல்வத்தை உலாவிக்குள் கொணர்தற்கு இரண்டு தடைகள் இருந்தன. மேசைக் கணினியின் நுண்செயலி ஒரு பொறிமொழியும், கைப்பேசியின் நுண்செயலி வேறொரு பொறிமொழியும் உடையன. ஆதலின் ஒன்றற்கெனப் பெயர்த்த நிரல் மற்றொன்றில் இயங்காது. அன்றியும், பொறிமொழியாய் வந்த நிரலைக் கட்டின்றி இயக்கினால், நம் கோப்புக்களைப் படித்தலும் அழித்தலும் அதற்கு எளியவாகும்.

ஜாவாஸ்கிரிப்டின் நிலை

உலாவியினுள் வழங்குதற்கென்றே தோன்றிய மொழி ஜாவாஸ்கிரிப்ட் ஆகும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் அமைத்தனர். பக்கங்களிற் சிறுசிறு அசைவுகளையும் படிவச் சோதனைகளையும் செய்வித்தலே அதன் தொடக்க நோக்கமாதலின், கற்பதற்கு எளிமை கருதினரேயன்றி விரைவு கருதிற்றிலர்.

அதன் இயல்பினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். அம்மொழியிற் கூட்டற்குறி எண்களின் இடையே வரின் கூட்டலைக் குறிக்கும். சொற்களின் இடையே வரின் அவற்றை ஒட்டுதலைக் குறிக்கும். ஈரிடத்தும் குறி ஒன்றே. வருவது எண்ணோ சொல்லோ என்பது நிரல் ஓடும்பொழுதே தெரியும். ஆகலின் இயக்குவோன் ஒவ்வொரு முறையும் நின்று நோக்குதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய உலாவிகள் இக்குறையைக் களைய ஓர் உபாயம் கண்டன. நிரலில் அடிக்கடி இயங்கும் பகுதியை உற்றுநோக்கி, இங்கு இதுவரை வந்தன எண்களே, ஆதலின் இனி வருவனவும் எண்களே எனக் கருதி, அப்பகுதியை மட்டும் ஓடும்பொழுதே பொறிமொழியாகப் பெயர்த்துக்கொண்டன. கருத்துத் தவறி எண்ணின் இடத்தில் சொல் வந்துவிடின், பெயர்த்ததனை எறிந்துவிட்டுப் பழைய மெதுநடைக்கே திரும்புதல் வேண்டும். இவ்வுபாயத்தால் ஜாவாஸ்கிரிப்ட் மிக விரைவுற்றதாயினும், அவ்விரைவு உறுதியான விரைவு அன்று. பெருங்கணக்குகளைச் செய்யும் நிரல்களுக்கோ உறுதியே வேண்டப்படுவது.

முன்னை முயற்சிகள் மூன்று

இத்தடைகளை நீக்குதற்குச் செய்த முயற்சிகள் பலவற்றுள் மூன்றனை மட்டும் எடுத்துக்கொள்வாம். அவை ஒவ்வொன்றும் நமக்கு ஒவ்வொரு பாடம் கற்பிக்கின்றன.

முதலாவது ஜாவா ஆப்லெட்டு. 1995-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழியின் நிரல், எந்த நுண்செயலிக்கும் உரியதாகாத ஓர் இடைமொழியாகப் பெயர்க்கப்பட்டு உலாவிக்கு வரும். அங்கே ஜாவாவின் இயக்கி அதனைச் சோதித்து, அடைப்பறை ஒன்றனுள் வைத்து இயக்கும். சோதித்தலும் அடைத்தலும் ஆகிய கொள்கை சாலச் சிறந்ததே. எனினும் அவ்வியக்கி உலாவியோடு ஒன்றாகாத தனிப்பெரும் பொறியாய் இருந்தது; தொடங்குதற்கே நெடும்பொழுது கொண்டது; அதனோடு இணைந்த நூலகம் மிகப் பரந்ததாகலின் அடைப்பறையில் ஓட்டைகள் அடுத்தடுத்துக் காணப்பட்டன. 2013-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, உலாவிகளில் ஜாவாவை நிறுத்தி வைக்குமாறு மக்கட்கு அறிவுறுத்தியது. பின்னர் உலாவிகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. சுவர் வலிதாயினும் வாயில்கள் பலவாயின் காவல் அரிது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இரண்டாவது ஆக்டிவ்எக்ஸ். 1996-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் கொணர்ந்த இம்முறையில் நிரல் பொறிமொழியாகவே வந்திறங்கும். ஆதலின் விரைவுக்குக் குறைவில்லை. காவலுக்கோ ஒரு கையொப்பமே இருந்தது. நிரலை ஆக்கினார் இன்னார் என்று அக்கையொப்பம் காட்டும். ஏற்கலாமா என உலாவி வினவும். ஏற்றுக்கொண்டபின், கணினியில் நமக்குள்ள உரிமை அனைத்தும் அந்நிரற்கும் உண்டாம். கையொப்பம் ஆளைக் காட்டுமேயன்றி அவர் செய்யப்போவதனைக் காட்டாது. நல்லார் எழுதிய நிரலிலும் பிழை இருத்தல் கூடும். அப்பிழையைத் தீயார் பயன்படுத்தலும் கூடும். பயனரும் வினாவைப் படியாமலே இசைவு தரப் பழகிவிட்டனர். இம்முறைக்கு இடமாயிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியும் 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களோடு ஓய்வு பெற்றது. ஆளை நம்புதல் காவலாகாது என்பதே இதன் பாடம்.

மூன்றாவது கூகுள் நிறுவனத்தின் நேட்டிவ் கிளையன்ட். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டு 2011-ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் இடம்பெற்ற இம்முறை நுண்ணறிவிற் பிறந்தது. நிரல் பொறிமொழியாகவே வரும். ஆயினும் அதனை இயக்குதற்கு முன் உலாவி எழுத்தெண்ணிப் படித்துச் சோதிக்கும். கட்டளைகள் 32 பைட்டுக் கட்டங்களாக ஒழுங்குற அமைதல் வேண்டும். எக்கட்டளையும் ஒரு கட்டத்தின் எல்லையைத் தாண்டிக் கிடத்தலாகாது. ஓடும்போது கணக்கிட்டுத் தாவும் தாவல் ஒரு கட்டத்தின் தொடக்கத்திலேயே சென்று சேர்தல் வேண்டும். இவ்விதிகளுக்கு அடங்காத நிரல் வாயிலிலேயே மறுக்கப்படும். நுண்செயலிதோறும் தனித்தனி நிரல் வேண்டும் என்னும் குறையும் 2013-ஆம் ஆண்டில் இடைமொழி ஒன்றனால் நீங்கியது. எனினும் ஏனைய உலாவிகள் இதனை மேற்கொள்ளவில்லை. 2017-ஆம் ஆண்டில் இணையத்திற்கு வந்த கூகுள் எர்த் இம்முறையிலே அமைந்தமையால் முதலிற் குரோமில் மட்டுமே இயங்கிற்று. ஒருவர் தம் நிலத்தில் தாமே அமைத்த பாதை எத்துணைச் சிறந்ததாயினும் ஊர்ப்பொதுவழி ஆகாது. கலைத்திறன் இருந்தும் உடன்பாடு இல்லாமையே இதன் குறை.

இடைப்பட்ட சிறுவழி

இவ்வேளையில் மோசில்லா நிறுவனத்தார் வேறொரு வழியை நாடினர். புதுமொழி எதனையும் உலாவிகள் ஏற்க மறுப்பின், அவை முன்னரே அறிந்த ஜாவாஸ்கிரிப்ட்டையே பொறிமொழியின் இடத்தில் வைத்துக்கொண்டால் என்னை? அலோன் ஸக்காய் என்பார் ஆக்கிய எம்ஸ்கிரிப்டன் என்னும் கருவி, சி மொழி நிரலை ஜாவாஸ்கிரிப்ட்டாகவே பெயர்த்துத் தந்தது. அதனினும் விரைவு வேண்டி, அவரும் டேவிட் ஹெர்மன், லூக் வாக்னர் என்போரும் கூடி 2013-ஆம் ஆண்டில் ஏஎஸ்எம்-ஜேஎஸ் என்னும் கட்டுப்பட்ட நடையினை வகுத்தனர். முழுவெண்ணாக வரவேண்டிய ஒவ்வொன்றன் பின்னும் ஒரு நிமிர்கோடும் ஒரு சுழியும் இடுதல் அந்நடையின் குறிகளுள் ஒன்று. பழைய உலாவிக்கு அது பொருளை மாற்றாத ஒரு கணக்கு. அறிந்த உலாவிக்கோ, இங்கு வருவது எண்ணே, ஐயுறல் வேண்டா என்னும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழியால் உலாவி நிரல் முழுவதனையும் முன்னரே பொறிமொழியாகப் பெயர்த்துக்கொள்ள இயன்றது.

ஆயினும் இஃது இரவல் ஆடையே. எண்களாய் இருக்கத்தக்கதனை எழுத்துக்களாய் விரித்து அனுப்புதலின் கோப்புப் பெருத்தது. உலாவி அவ்வெழுத்துக்களைப் படித்து முடித்தற்கே பொழுது கழிந்தது. 64 பிட்டு முழுவெண்கள் ஜாவாஸ்கிரிப்ட்டின் எண்ணுக்குள் அடங்கவில்லை. எனினும் இவ்வழி ஒன்றனை மெய்ப்பித்தது: உலாவியினுள் சி மொழி நிரல் விரைந்தும் அடங்கியும் இயங்கக்கூடும் என்பதே அது.

வெப்அசெம்பிளி

2015-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், மோசில்லா, கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் என்னும் நான்கு நிறுவனங்களின் பொறியறிஞரும் ஒருங்கு கூடி உழைக்கப்போவதாகச் செய்தி வெளிவந்தது. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுவோர் இவர். முன்னை முயற்சிகளிற் பட்ட பாடே இவர்களை ஒன்று சேர்த்தது எனல் மிகையாகாது. இவர்கள் வகுத்த பொதுமொழியின் பெயர் வெப்அசெம்பிளி. 2017-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பயர்பாக்ஸ், குரோம் என்னும் உலாவிகளும், அவ்வாண்டு முடிதற்குள் சபாரி, எட்ஜ் என்பனவும் அதனை ஏற்றன. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைத் தன் நியமங்களுள் ஒன்றாக வெளியிட்டது.

இம்மொழி மக்கள் கையால் எழுதுதற்கு உரியதன்று. சி, ரஸ்ட் முதலிய மொழிகளில் எழுதிய நிரலை நிரல்பெயர்ப்பி இம்மொழியாகப் பெயர்த்து வைக்கும்; உலாவி அதனைப் பெற்றுத் தன் நுண்செயலிக்குரிய பொறிமொழியாக மீண்டும் பெயர்த்துக்கொள்ளும். எனவே இஃது எல்லா நுண்செயலிக்கும் அணித்தாய், எந்நுண்செயலிக்கும் தனியுரிமை ஆகாததாய் நிற்கும் இடைமொழி என்க.

இரண்டு முழுவெண்களைக் கூட்டித் தரும் செயற்கூறு ஒன்று இம்மொழியில் எவ்வாறு அமையும் எனக் காட்டுவாம். அதன் உடல் ஆறு பைட்டுக்களே: 32, 0, 32, 1, 106, 11. இவற்றுள் 32 என்பது, எண்ணை எடுத்து அடுக்கின்மேல் வை என்னும் கட்டளை. அடுத்துள்ள 0 முதலெண்ணைக் குறிக்கும். மீண்டும் 32 வர, 1 என்பது இரண்டாம் எண்ணைக் குறிக்கும். 106 என்பது, மேலுள்ள இரண்டனையும் எடுத்துக் கூட்டி விடையை வை என்பது. 11 என்பது முடிவு. ஈண்டுத் தமிழ் மாணவர்க்கு ஓர் இன்பம் உண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். தமிழிலோ, இதனையும் இதனையும் கூட்டுக என வினை இறுதியில் நிற்கும். வெப்அசெம்பிளியின் கட்டளை முறையும் அத்தகையதே. பொருள்களை முதலில் வைத்து வினையைப் பின் கூறுவது நமக்குப் புதிதன்று.

காவலின் அமைப்பு

இனி இம்மொழியின் உயிர்நிலையாகிய காவலை நோக்குவாம். அது மூன்று கூறுகளை உடையது.

முதலாவது வாயிற்சோதனை. நிரல் இயங்குதற்கு முன் உலாவி அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே ஒருமுறை படித்துச் செல்லும். அடுக்கில் இப்பொழுது என்ன வகைப் பொருள் எத்தனை உள என்று கணக்கு வைத்துக்கொண்டே செல்லும். முற்கூறிய எடுத்துக்காட்டில் 106 என்னும் கட்டளை வருமிடத்து அடுக்கில் இரண்டு முழுவெண்கள் இருத்தல் வேண்டும். ஒன்றே இருப்பினும், ஒன்று பின்னவெண்ணாய் இருப்பினும், அந்நிரல் முழுவதும் மறுக்கப்படும். இயக்காமலே இதனைக் கணக்கிடுதல் எங்ஙனம் கூடும் எனின், கூறுவாம். இம்மொழியில் நினைத்த இடத்திற்குத் தாவும் உரிமை இல்லை. தொகுதிக்குள் தொகுதியாகவே கட்டளைகள் அமையும். தான் இருக்கும் தொகுதியினின்றும் வெளியேறுதலும், சுற்றாயின் அதன் தலைக்கு மீளுதலுமே நிரலுக்கு இயலும். வழிகள் வரையறைப்பட்டனவாகலின் எவ்வழியிற் சென்றாலும் அடுக்கின் நிலை ஒன்றே ஆகும். ஒருமுறை படித்தலே போதும்.

இரண்டாவது எல்லைக்கட்டு. நிரலுக்கென ஒரு நினைவகப் பரப்புக் கொடுக்கப்படும். அது 65,536 பைட்டுக் கொண்ட பக்கங்களாக அளந்து தரப்படும். முதல் நியமத்தின்படி அத்தகைய பக்கங்கள் 65,536 வரை, அஃதாவது நான்கு கிபிபைட்டு வரை, பெறலாம். தன் பரப்பிற்குள் நிரல் எங்கும் எழுதலாம், படிக்கலாம். எல்லைக்கு வெளியே ஓர் அடி வைப்பினும் அக்கணமே நிறுத்தப்படும். ஒரு செயற்கூறு தன் பணி முடித்து எங்கே திரும்புதல் வேண்டும் என்னும் குறிப்பினை உலாவி அப்பரப்பிற்குப் புறம்பே தன்னிடம் மறைத்து வைத்துக்கொள்ளும். அக்குறிப்பினை மாற்றி நிரலைத் தன் வழிக்குத் திருப்புதல் பொறிமொழி நிரல்களிற் கள்வர் பன்னெடுநாள் பயன்படுத்திய சூழ்ச்சியாம். ஈண்டு அதற்கு இடம் இல்லை.

மூன்றாவது இரந்து பெறுதல். கோப்பைத் திறத்தல், வலையிற் செய்தி அனுப்புதல், திரையில் எழுதுதல், மணி பார்த்தல் என்பன வெப்அசெம்பிளிக்குத் தாமாக இயல்வன அல்ல. அவற்றுள் எதனையேனும் வேண்டின், இன்ன செயற்கூறு எனக்கு வேண்டும் என்று நிரல் முன்கூட்டியே எழுதிக்காட்டல் வேண்டும். தந்தால் உண்டு, தராவிடின் இல்லை. ஜாவா ஆப்லெட்டுக்கு இருந்த பரந்த நூலகம் இதற்கு இல்லை. அதனாலேயே வாயிலும் சிறிதாயிற்று.

இந்நியமம் வாய்ச்சொல்லளவில் அமையாமல் கணித முறையால் வரையறுக்கப்பட்டமையும் குறிக்கத்தக்கது. 2017-ஆம் ஆண்டில் பார்சலோனா நகரிற் கூடிய நிரல்மொழி அறிஞர் மாநாட்டில், ஆண்ட்ரியாஸ் ஹாஸ், ஆண்ட்ரியாஸ் ராஸ்பர்க் முதலியோர் அதன் விதிகளைக் கணிதக் குறிகளால் எழுதிக் காட்டினர். கேம்பிரிட்ஜைச் சார்ந்த கான்ராட் வாட் என்பார், மெய்ப்பித்தலைச் சரிபார்க்கும் ஈசபெல் என்னும் கருவியின் துணைகொண்டு அவ்விதிகளை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட பிழைகள் நியமத்தில் திருத்தப்பட்டன. நூலாசிரியர் பெருமை கருதாது நூற்பாவினை ஆராய்ந்து திருத்தும் உரையாசிரியர் மரபினை இது நமக்கு நினைவூட்டுகின்றது.

விளைந்த பயன்கள்

1982-ஆம் ஆண்டில் தோன்றிய ஆட்டோகேட் என்னும் வரைபட நிரல் 2018-ஆம் ஆண்டில் உலாவிக்குள் வந்தது. பல்லாண்டு உழைப்பாற் பெருகிய அதன் சி பிளஸ் பிளஸ் நிரலைப் புதிதாய் எழுதாமல் பெயர்த்தே கொணர்ந்தனர். குரோமில் மட்டும் இயங்கிய கூகுள் எர்த், 2020-ஆம் ஆண்டில் வெப்அசெம்பிளி வழியாகப் பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளுக்கும் சென்றது. போட்டோஷாப் 2021-ஆம் ஆண்டு அக்டோபரிற் சோதனை வடிவாக உலாவியில் தோன்றியது.

மாணவராகிய நமக்கு இவற்றினும் நெருங்கிய பயன் ஒன்று உண்டு. பைதான் மொழியை நடத்தும் வரிமொழி மாற்றி சி மொழியில் எழுதப்பட்டதாகும். அதனையே வெப்அசெம்பிளியாகப் பெயர்த்து, 2018-ஆம் ஆண்டில் பயோடைடு என்னும் பெயரால் வெளியிட்டனர். வரிபெயர்ப்பவரையே நிரல்பெயர்த்து அனுப்பிய விந்தை இது. சொந்தக் கணினி இல்லாத மாணவர் கல்லூரிக் கணினியிற் புது நிரல் எதனையும் நிறுவ உரிமை பெறார். அவ்வுரிமை தராமை காவல் கருதிய முறையே. உலாவியைத் திறக்கும் உரிமை மட்டும் உடைய அவரும் இன்று பைதான் கற்கலாம். பெருங்கணக்குகளைச் செய்து பார்க்கலாம். அவர் எழுதியது அக்கணினியை விட்டு வெளிச்செல்ல வேண்டுவதும் இல்லை. காவலை நெகிழ்த்தாமலே கல்வியின் கதவு திறந்தமை இதன் சிறப்பு.

மற்றொன்றும் கூறத்தகும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பயர்பாக்ஸ் 95-ஆம் பதிப்பு, சொற்பிழை பார்க்கும் பகுதி, எழுத்துரு ஒழுங்குசெய்யும் பகுதி முதலிய தன் சொந்த உறுப்புக்கள் சிலவற்றையே இம்முறையால் அடைப்பறைக்குள் வைத்தது. அயலார்க்கென வகுத்த கட்டுப்பாட்டினைத் தன் வீட்டார்க்கும் ஏற்றமை அறிவுடைமையாம்.

எஞ்சி நிற்கும் குறைகள்

நன்மையே கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. வெப்அசெம்பிளி பொறிமொழியோடு முற்றும் ஒத்த விரைவுடையது எனச் சிலர் கூறுவர். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெருநிரல்கள் பலவற்றை இரு வகையாலும் இயக்கி அளந்து, வெப்அசெம்பிளி பயர்பாக்ஸில் சராசரி நூற்றுக்கு 45, குரோமில் நூற்றுக்கு 55 பங்கு மிகுதியான காலம் கொள்வதாகக் காட்டியது. பின்னர் உலாவிகள் திருந்திவந்துள்ளன. எனினும் காவலுக்கு ஒரு விலை உண்டு என்பது இதனால் விளங்கும்.

இனி, அடைப்பறை நம் கணினியைக் காக்குமேயன்றி அறையினுள் இருப்பதனைக் காவாது. சி மொழி நிரலில் ஒரு வரிசையின் எல்லை கடந்து எழுதும் பிழை இருப்பின், அந்நிரல் தன் பரப்பிற்குள் உள்ள தன் தரவினையே கெடுத்துக்கொள்ளும். பொறிமொழி நிரல்களுக்குப் பின்னாளில் ஏற்பட்ட காப்புக்கள் சில ஈண்டு இல்லாமையால், பழம்பிழைகள் மீண்டும் உயிர்பெறுதல் கூடும் என 2020-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். நம் கணக்கு விவரங்கள் அவ்வறையினுள்ளேயே இருப்பின் தீங்கு நமக்கும் உண்டாம்.

மூன்றாவது குறை சட்டத்தால் தடுக்க இயலாதது. விதிக்குட்பட்டே வந்து ஒருவன் நம் வீட்டு விளக்கெண்ணெயை எரிப்பானாயின் என் செய்வது? 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் தோன்றிய காயின்ஹைவ் என்னும் நிரல், மொனேரோ என்னும் மின்பணத்தை ஈட்டும் கணக்குகளை வெப்அசெம்பிளியாற் செய்தது. பக்கத்தைத் திறந்தவர் அறியாமலே அவர்தம் மின்சாரமும் கணினியும் பிறர் ஊதியத்திற்கு உழைக்குமாறு பல தளங்களில் அதனை மறைத்து வைத்தனர். அந்நிரல் கோப்பைத் தொடவில்லை, எல்லையைத் தாண்டவில்லை, சோதனையிற் பிழைபடவும் இல்லை. 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் அத்தொழில் நிறுத்தப்பட்டது. வாயிற்சோதனை நிரலின் ஒழுங்கினைக் காணுமேயன்றி அதனை ஏவினார் நெஞ்சினைக் காணாது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உலாவியினுட் பிறமொழி நிரலை இயக்கும் கலை மூன்று படிகளைக் கடந்து வந்தது தெளிவாகும். ஆளின் பெயரை நம்பி வாயிலைத் திறந்தமை ஒரு படி. சோதனையை நம்பியும் வாயில்களைப் பலவாக்கியும், உடன்பாட்டினை நாடாமலும் நின்றமை அடுத்த படி. சிறிய மொழி ஒன்றனை வகுத்து, அதன் விதிகளை யாவரும் காணுமாறு எழுதி, போட்டியிடுவோர் அனைவரும் அவ்விதிக்கு உட்பட்டமை மூன்றாம் படி. கருவியின் நுட்பம் முன்னரே இருந்தது. நிலைபேறு தந்தது உடன்பாடே. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் இம்மொழியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்து, நினைவகத்தைத் தாமே ஒழுங்குசெய்யும் மொழிகளுக்கும் இடம் தந்துள்ளது. இனி வருங்காலத்தில் இன்னும் பல மொழி நிரல்கள் உலாவிக்குட் புகும் என்பதில் ஐயமில்லை.

விருந்தினரை வாயிலிலேயே நிறுத்தி இழித்தலும் தகாது. வந்தவர் கையில் வீட்டுத் திறவுகோலைக் கொடுத்தலும் தகாது. அவர்க்கென ஓர் அறையும், அவர் வேண்டுவனவற்றுள் தக்கனவும் தந்து, ஏனைய அறைகளைப் பூட்டி வைத்தல் இல்லறத்தார் அறிந்த முறையே. அம்முறையினை எண்களால் எழுதிக் காட்டியமை வெப்அசெம்பிளியின் அருமை. ஆயினும் பூட்டு எத்துணை வலிதாயினும், வீட்டுக்காரர் விழித்திருத்தலும் வேண்டும். நம் கணினியில் யாருடைய நிரல் எதற்காக உழைக்கின்றது என வினவும் பழக்கத்தை எந்நியமமும் நமக்குத் தந்துவிடாது. அதனை நாமே பயிலல் வேண்டும்.